ப்ளூடூத் ராஜாவின் ஊரில் ஐந்து கப்பல்கள்

உங்க போனின் மேலிருந்து விரலை இழுத்துப் பாருங்க. வைஃபைக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு கோணல் எழுத்து இருக்கும். நாம தினமும் தொட்டு ஹெட்செட்டை இணைக்கிற அந்த ப்ளூடூத் சின்னம் ஒரு மனிதனின் இனிஷியல். பழைய ஸ்காண்டிநேவிய ரூன் எழுத்துகளில் 'ஹ', 'ப' இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் இந்தச் சின்னம் கிடைக்கும். ஹரால்ட் ப்ளூடூத், பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட அரசன். சிதறிக் கிடந்த பகுதிகளை ஒரே ஆட்சிக்குள் கொண்டு வந்தவன் என்பதால், வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளை இணைக்கப் போகும் தொழில்நுட்பத்துக்கு அவன் பெயரை 1990-களின் இறுதியில் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக் முன்மொழிந்தார். நல்ல பெயர் கிடைக்கும் வரைக்கும் தற்காலிகமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தார்கள். நம்ம ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு 'ஃபைனல்_2' என்று பெயர் வைத்து அதுவே நிலைத்துப் போகிற மாதிரி, அதுவும் நிலைத்துவிட்டது.

அந்த ஹரால்டின் ஊர் ரோஸ்கில்டே. கோபன்ஹேகனுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர், ஷீலண்ட் தீவில் இருக்கிறது. எழுதும்போது 'ட' வரும், சொல்லும்போது அதை விழுங்கி 'ரோஸ்கில' என்பார்கள். 'கில்டே' என்றால் ஊற்று. ரோ அல்லது ரோவார் என்ற புராண அரசனின் ஊற்று என்பது ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். புராணம் போகட்டும், சரிவில் இன்றும் ஊற்றுகள் இருக்கின்றன. சரிவின் கீழே ரோஸ்கில்டே ஃபியோர்டு. ஃபியோர்டு என்றதும் நார்வே படங்களில் வரும் செங்குத்து மலையெல்லாம் கற்பனை பண்ண வேண்டாம். இது சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்துக்குள் நுழைந்திருக்கும் ஆழம் குறைந்த கடல் கை. இந்த ஊரின் வரலாறு முழுக்க இரண்டு பொருளில் அடங்கிவிடும். மேலே செங்கல், கீழே மரம். மூன்றாவதாக கான்கிரீட் ஒன்று வந்து சேரும், அதை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் மேலே போவோம். 980-களில் ஹரால்ட் இங்கே மரத்தால் ஒரு தேவாலயம் கட்டினான். தன் மகன் ஸ்வென் கிளப்பிய கலகத்தில் அடிபட்டு இறந்தபின் அவனை இங்கேதான் புதைத்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பேராலயத்தின் தூண் ஒன்றில் அவன் படம் தீட்டப்பட்டிருக்கிறது. உடல் மட்டும் கிடைக்கவில்லை. எதிரே இன்னொரு தூணுக்குள் ஸ்வென்னின் மகள் எஸ்ட்ரித் இருக்கிறாள் என்று பல நூற்றாண்டாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மகன், அதே ஸ்வென் பெயர் கொண்ட பிந்தைய அரசன், அவனும் வேறொரு தூணுக்குள் இருக்கிறான். பல்லில் இருந்து எடுத்த டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாய் வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. அதாவது தூணுக்குள் இருக்கும் அந்தப் பெண் அவனுடைய அம்மா கிடையாது.

இப்போது நிற்கும் பேராலயம் 1170-களில் ஆயர் அப்சலோன் தொடங்கியது. இங்கே கொஞ்சம் நிற்கலாம், ஏன்னா சிவில் பசங்களுக்கு இதுதான் விருந்து. ஷீலண்டில் நல்ல கட்டடக் கல் கிடைக்காது. களிமண் ஏராளம். செங்கல் சுடும் கலை அந்தப் பக்கத்துக்கு வந்து சில பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தது. அந்தப் புதுப் பொருளை நம்பி ஒரு பேராலயத்தையே எழுப்பத் துணிந்தார்கள். அப்சலோன் தொடங்கியது அரைவட்ட வளைவுகள் கொண்ட ரோமனெஸ்க் பாணியில். பாதியில் ஆயராக வந்த பேடர் சுனெசன் பாரிஸில் படித்தவர். பிரான்ஸில் கூர்முனை வளைவுகளை வைத்துக் கல்லில் வானுயர எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் திரும்பி வந்ததும் டிசைனை மாற்றச் சொல்லிவிட்டார். பாதி கட்டிய பிறகு!

வேலைக்காரர்கள் என்ன திட்டினார்களோ தெரியாது, ஆனால் பொறியியலாகப் பார்த்தால் அது நல்ல முடிவு. அரைவட்ட வளைவு தன் எடையைக் கீழே இறக்கும்போது பக்கவாட்டில் நிறையத் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கச் சுவரைத் தடிமனாக்க வேண்டும், ஜன்னலைச் சின்னதாக்க வேண்டும். கூர்முனை வளைவில் எடை செங்குத்துக்கு நெருக்கமாக இறங்குவதால் தள்ளல் குறையும். செங்கல்லுக்கு அழுத்தம் தாங்கத் தெரியும், இழுவிசை தாங்கத் தெரியாது. அதனால் அதற்கு இந்த வடிவம் ரொம்பப் பொருந்தும். 1280 வாக்கில் பெரும்பகுதி முடிந்தது. ஸ்காண்டிநேவியாவில் செங்கல்லால் எழுந்த முதல் கோத்திக் பேராலயம் என்பதற்காகவும், அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் ஒட்டிக்கொண்ட சிற்றாலயங்களுக்காகவும் 1995-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சிற்றாலயங்கள் என்றால் அரச கல்லறைகள். டென்மார்க்கின் அரசர்களும் அரசிகளுமாகச் சுமார் 40 பேர் இங்கே இருக்கிறார்கள். இடம் போதாதபோதெல்லாம் வெளியே ஒரு சிற்றாலயத்தை ஒட்டிக் கட்டிவிடுவார்கள், அந்தந்தக் காலத்துப் பாணியில். அதனால் ஒரே கட்டடத்தைச் சுற்றி நடந்தால் 800 வருட ஐரோப்பியக் கட்டடக்கலை முழுவதையும் ஒரு ரவுண்டில் பார்த்துவிடலாம். நூலகத்தில் தடித்தடியாக இருக்கும் புத்தகங்களுக்கு இது எவ்வளவோ மேல்.

உள்ளே எனக்குப் பிடித்தவை மூன்று. முதலாவது, முதலாம் கிறிஸ்டியனின் சிற்றாலயத்தில் இருக்கும் கிரானைட் தூண். வந்துபோன அரசர்களின் உயரத்தை அதில் கோடு போட்டுக் குறித்திருக்கிறார்கள். 1716-ல் வந்த ரஷ்யாவின் மகா பீட்டர் 208 சென்டிமீட்டரைத் தாண்டுகிறார். முதலாம் கிறிஸ்டியனுக்கு 219.5 என்று கோடு இருக்கிறது. எலும்பை அளந்து பார்த்தால் 188 வாக்கில்தான் வருகிறது. ராஜாவின் உயரத்தை அளப்பவனும் மனுஷன்தானே, வேலை போகக் கூடாது இல்லையா.

இரண்டாவது, சுவரில் இருக்கும் கடிகாரம். சுமார் 1500-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் புனித ஜார்ஜின் குதிரை டிராகனை மிதிக்கும், டிராகன் கீச்சென்று கத்தும். பக்கத்தில் இரண்டு பொம்மைகள். பேர் டோவர் முழு மணியை அடிப்பார், கிர்ஸ்டன் கிமர் கால் மணியை அடிப்பார். ஐந்நூறு வருட மெக்கானிக்கல் ஆட்டோமேஷன்.

மூன்றாவது, ஆள் இல்லாத ஒரு கல்லறை. அரசி இரண்டாம் மார்கிரேத தனக்கான கல்லறையை உயிரோடு இருக்கும்போதே செய்து வைத்திருக்கிறார். சிற்பி பியோர்ன் நோர்கோர் செய்தது, 2018-ல் தயாரானது. கண்ணாடிப் பேழையைத் தாங்கும் தூண்களில் போர்ன்ஹோம் தீவின் கிரானைட், ஃபாரோ தீவுகளின் பசால்ட், கிரீன்லாந்தின் சலவைக்கல். அவர் 2024 ஜனவரியில் பட்டம் துறந்துவிட்டார்.

இந்த அரசர்கள் நமக்கு யாரோ எவரோ என்று நினைத்தால், நான்காம் கிறிஸ்டியனின் சிற்றாலயத்துக்கு வாங்க. பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் மேல் இருக்கும் ஒல்லியான ஊசி முனைகளை 1630-களில் வைத்தவர் அவர்தான். அவர் காலத்தில் 1616-ல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் கால் வைத்தார்கள். நாயக்கர் இந்த அரசனுக்குத் தங்க ஓலையில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1706-ல் சீகன்பால்கைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய நான்காம் ஃபிரெடெரிக்கும் இதே பேராலயத்தில்தான் புதைக்கப்பட்டார். சீகன்பால்க் அங்கே அச்சகம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது நமக்குத் தெரிந்த கதை. 1845-ல் தரங்கம்பாடியைச் செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றபோது அரியணையில் இருந்தவர் எட்டாம் கிறிஸ்டியன். அவரும் இங்கேதான். டான்ஸ்போர்க் கோட்டைக்குச் சுற்றுலா போய் செல்ஃபி எடுத்தவங்க நம்ம காலேஜிலேயே நிறையப் பேர் இருப்பீங்க. அந்தக் கோட்டையைத் தொடங்கியவர், அச்சு வரக் காரணமானவர், விற்றவர், மூன்று பேருமே ஒரே கூரைக்குக் கீழே.

ஊரின் மற்ற கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 15-ஆம் நூற்றாண்டில் அரச பீடம் கோபன்ஹேகனுக்குப் போய்விட்டது. 1536-ல் மதச் சீர்திருத்தம் வந்தபோது ஆயரின் அதிகாரமும் சொத்தும் போச்சு, ஊரில் இருந்த பல தேவாலயங்களை இடித்தார்கள். 1658 பிப்ரவரியில் ஸ்வீடன் அரசன் உறைந்துபோன கடல் மேலேயே படையை நடத்திக்கொண்டு வந்து நின்றான். ரோஸ்கில்டேயில் கையெழுத்தான உடன்படிக்கையில் டென்மார்க் ஸ்கோனே உட்பட இன்றைய தெற்கு ஸ்வீடனை இழந்தது. அந்தத் தெற்கு ஸ்வீடன் பகுதி இன்றுவரை திரும்பவில்லை. 1847-ல் கோபன்ஹேகனிலிருந்து இங்கே ரயில் வந்தது. இன்றைய டென்மார்க் எல்லைக்குள் அதுதான் முதல் ரயில் பாதை. 1971-லிருந்து நடக்கும் இசைத் திருவிழாவுக்காக ஐரோப்பா முழுக்க இந்த ஊரின் பெயர் தெரியும். ஊருக்கு வடக்கே ரீசோ ஆய்வகத்தில் அணு உலைகள் இருந்தன. அதே இடத்தில் 1978-ல் காற்றாலைச் சோதனை நிலையம் தொடங்கியது. காற்றாலையில் ப்ராஜெக்ட் செய்கிறவங்க அந்தப் பெயரை ஏதாவது ஒரு பேப்பரில் பார்த்திருப்பீங்க.

இப்போ சரிவில் இறங்கித் தண்ணீர்ப் பக்கம் வாங்க. நான் இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்ததே இதற்காகத்தான்.

1070 வாக்கில் ரோஸ்கில்டே பணக்கார ஊர். பணக்கார ஊருக்குக் கடல் வழியே கொள்ளைக்காரர்கள் வருவார்கள். ஊருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் ஸ்குல்டெலேவ் என்ற இடத்தில் கப்பல் போகும் கால்வாய் குறுகலாக இருக்கும். அந்த ஊர் மக்கள் வயதான மூன்று கப்பல்களை அங்கே இழுத்துப் போய், கல்லை நிரப்பி, மூழ்கடித்து வழியை அடைத்தார்கள். சில வருடம் கழித்து இன்னும் இரண்டு. அவ்வளவுதான், மறந்தும் போனார்கள். பின்னாளில் அந்தப் பக்கத்து மீனவர்கள் தண்ணீருக்கடியில் ஒரு கப்பல் கிடக்கிறது, அது அரசி முதலாம் மார்கிரேதவின் கப்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் 14-ஆம் நூற்றாண்டுக்காரர்.

1957-ல் தேசிய அருங்காட்சியகம் அங்கே நீருக்கடியில் ஆய்வு தொடங்கியது. அதில் ஓலே க்ரும்லின்-பேடர்சன் என்ற கப்பல் பொறியியல்காரர் இருந்தார். அப்போது வயது 22. நம்மைவிட ஒரு வயது கூட. அவரும் தொல்லியலாளர் ஓலாஃப் ஓல்சனும் கண்டுபிடித்தது ஒரு கப்பல் இல்லை, பல கப்பல்கள், அதுவும் மார்கிரேத காலத்துக்கு முந்நூறு வருடம் முந்தையவை. 1962-ல் அந்த இடத்தைச் சுற்றி இரும்புத் தகடுகளை இறக்கிக் காஃபர்டேம் கட்டினார்கள். பாலத்துக்கு அடித்தளம் போட நாம படிக்கிற அதே காஃபர்டேம். தண்ணீரை இறைத்ததும் சேற்றில் கப்பல்கள் நசுங்கிக் கிடந்தன.

இங்கே ஒரு சிக்கல். சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால்தான் அந்த மரம் ஆயிரம் வருடம் நின்றது. ஆனால் உள்ளே செல்லுலோஸ் கரைந்து போயிருக்கும். செல் சுவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அதில் ஊறியிருக்கும் தண்ணீர்தான். வெயிலில் காய வைத்தால் தண்ணீர் ஆவியாகும்போது சுவர்களை உள்ளே இழுத்துக்கொண்டே போகும். பலகை சுருங்கி, முறுக்கி, விறகாகிவிடும். அதனால் தோண்டும்போதே விடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றாக எண் போட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டு போனார்கள். பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் ஊறவைத்தார்கள். நம்ம முகத்துக்குப் போடும் க்ரீமிலும் மாத்திரையிலும் இருக்கும் அதே மெழுகுப் பொருள். தண்ணீர் இருந்த இடத்தில் மெல்ல மெல்ல இது போய் உட்காரும். அவசரப்பட்டால் மரம் வெடிக்கும். எல்லாத் துண்டுகளையும் பதப்படுத்தி, இரும்புச் சட்டத்தில் பொருத்தி முடிக்கச் சுமார் கால் நூற்றாண்டு ஆனது.

பொருத்திப் பார்த்தபோது ஐந்து கப்பல்கள். எண் மட்டும் ஆறு வரை போகும், ஏன்னா நான்காவது என்று நினைத்தது இரண்டாவதின் ஒரு பகுதி. ஐந்தும் ஐந்து வேலைக்கானவை. நார்வேயில் செய்த 16 மீட்டர் சரக்குக் கப்பல் 24 டன் ஏற்றிக்கொண்டு பெருங்கடலில் போகும். 14 மீட்டர் வியாபாரப் படகு கரையோரம் ஓடும். ஒன்று மீன்பிடிப் படகாகத் தொடங்கியது. ஒன்று சின்னப் போர்க்கப்பல், அதில் ஒட்டுப் போடாத இடமே கிடையாது. நம்ம டவுன் பஸ் மாதிரி ஓடும் வரை ஓட்டியிருக்கிறார்கள்.

ஐந்தாவதுதான் கதாநாயகன், சுமார் 30 மீட்டர் நீளப் போர்க்கப்பல். அதன் ஓக் பலகைகளில் வருட வளையங்களின் அகலத்தை அளந்து, ஐரோப்பாவின் பல பகுதி மரங்களோடு ஒப்பிட்டார்கள். மழை நல்லா பெய்த வருடத்தில் வளையம் அகலம், வறட்சியில் ஒடுக்கம். ஒவ்வொரு பகுதிக்கும் அந்த வரிசை ஒரு பார்கோடு மாதிரி. பொருந்தியது அயர்லாந்து மரத்தோடு. 1042-ல் டப்ளின் பக்கத்தில் வைக்கிங்குகள் செய்த கப்பல் டென்மார்க்கில் ஒரு சேற்றுக் கால்வாயில் தடுப்புச்சுவராக முடிந்திருக்கிறது.

அதில் கால்வாசிதான் மிஞ்சியது. மீதியைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, இன்னொன்று செய்து பார்ப்பது. அருங்காட்சியகத் தச்சர்கள் பழைய முறையிலேயே செய்தார்கள். ரம்பம் கிடையாது. ஓக் மரத்தை நடுவிலிருந்து ஆரம் ஆரமாகப் பிளந்து, கோடரியால் இழைத்தார்கள். ரம்பம் மரத்தின் நாரை வெட்டிவிடும். பிளந்தால் நார் முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஓடும், அதனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பலகையே போதும். ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும் அந்தப் பலகைகளை இரும்பு ஆணியால் இணைத்தார்கள். முழுக் கப்பலும் அலையோடு வளைந்து கொடுக்கும். 2004-ல் அது தண்ணீரில் இறங்கியது. பெயர் 'கிளென்டலாக்கின் கடல்குதிரை' என்று வைத்துக்கொள்ளலாம், நேர்ப்பொருள் 'ஆண் குதிரை'. 2007 ஜூலையில் சுமார் 60 பேரோடு ரோஸ்கில்டேயிலிருந்து புறப்பட்டு ஆகஸ்டில் டப்ளின் சேர்ந்தது. வட கடலில் காற்று சரியில்லாமல் கொஞ்ச தூரம் வேறொரு கப்பல் கட்டி இழுத்தது. அதையும் மறைக்காமல் பதிவு செய்தார்கள். நம்ம லேபில் ரீடிங் சரியா வரலைன்னா பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்க்கிறதை நினைச்சுக்கோங்க.

இன்னொரு வேடிக்கை. 1997-ல் அருங்காட்சியகத்துக்குத் துறைமுகம் விரிவாக்கத் தோண்டினால், உள்ளே மேலும் ஒன்பது கப்பல்கள். அதில் ஒன்று சுமார் 36 மீட்டர். இதுவரை கிடைத்த வைக்கிங் கப்பல்களிலேயே நீளமானது.

சரி, கான்கிரீட்டுக்கு வருவோம். ஐந்து கப்பல்களும் நிற்கும் கூடம் 1969-ல் திறந்தது. கட்டடக்கலைஞர் எரிக் கிறிஸ்டியன் சோரன்சன். பூச்சு இல்லாத முரட்டுக் கான்கிரீட், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே உடனே ஃபியோர்டு. கப்பலைப் பார்த்தால் அதன் பின்னால் அது ஓடிய தண்ணீரே தெரியும். படத்தில் பார்க்கவே அசத்தலா இருக்கும். 1990-களில் அந்தக் கட்டடத்தையே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள்.

ஆனால் கடல் பக்கத்தில் ஆர்சிசி என்றாலே நமக்குத் தெரியும். உப்புக்காற்றில் வரும் குளோரைடு கான்கிரீட் துளைகள் வழியாகக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளித் தள்ளிக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். கவர் பிளாக் எதற்கு என்று இரண்டு மார்க் கேள்வி வருமே, அந்தக் கேள்விதான். கூடம் தேய்ந்துகொண்டே வந்தது. 2013 டிசம்பரில் போடில் புயல் வந்தபோது ஃபியோர்டு நீர்மட்டம் ஏறி அந்தக் கண்ணாடிச் சுவரையே முட்டி நின்றது. ஊழியர்கள் இரவோடு இரவாகப் போராடிக் கப்பல்களைக் காப்பாற்றினார்கள். ஊரைக் காப்பாற்ற மூழ்கடித்த கப்பலை, மூழ்காமல் காப்பாற்ற வேண்டிய நிலைமை.

2018-ல் டென்மார்க் கலாச்சார அமைச்சர் அந்தக் கட்டடத்தின் பாதுகாப்பு அந்தஸ்தை ரத்து செய்தார். இனி இடிக்கலாம் என்று அர்த்தம். கட்டடக்கலைஞர்கள் பலர் எதிர்த்தார்கள். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. அரை நூற்றாண்டு முந்தைய ஒரு நல்ல கட்டடத்தைப் பராமரிக்காமல் விட்டுவிட்டு, கெட்டுப்போச்சு என்று இடிப்பது எந்த ஊரிலும் சுலபமான வழி. நாளைக்கு எதை வேண்டுமானாலும் அப்படி இடிக்கலாம். என்னைக் கேட்டால் ஆனாலும் கப்பல் பக்கம்தான் நிற்பேன். கட்டடத்துக்கு வரைபடம் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, இன்னொன்று கட்டவும் முடியும். 1042-ல் வெட்டிய அந்த மரத்துக்கு மாற்று கிடையாது. பழைய கூடத்தைக் கரையிலேயே வைத்துக்கொண்டு, கப்பல்களை மட்டும் மேட்டுக்குக் கொண்டுபோக வழி இருந்தால் இன்னும் நல்லது. அந்தச் செலவை யார் ஏற்பது என்பது வேறு கேள்வி.

கப்பல்களை நகர்த்துவதும் சாதாரண வேலை இல்லை. மெழுகு ஊறிய பலகை கனமாகவும் இருக்கும், உடையக்கூடியதாகவும் இருக்கும். ஆயிரக்கணக்கான துண்டுகள் ஒவ்வொன்றையும் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டும். ஈரப்பதமும் வெப்பமும் மாறாமல் கொண்டுபோக வேண்டும், மறுபடி அதே வளைவில் மாட்ட வேண்டும். மெக்கானிக்கல், சிவில், கெமிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் நாலு டிபார்ட்மென்டும் சேர்ந்து உட்கார வேண்டிய வேலை.